ஏரியில் ஓட்டிய படகு எண்ணூருக்கு வருகிறது

கேள்வி: ஐயா, என்னிடம் 16 அடி ஃபைபர் படகும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் இருக்கின்றன. இரண்டு வருடமாக செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரியில் ஓட்டிப் பழகிவிட்டேன். வரும் பிப்ரவரியில் எண்ணூர் கழிமுகத்தில் இறக்கி, முகத்துவாரம் வழியாகக் கொஞ்ச தூரம் கடலுக்குள் போய்த் திரும்பலாம் என்று நானும் மைத்துனரும் நினைத்திருக்கிறோம். ஏற்றம், வற்றம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மெரினாவில் நின்று பார்த்தால் கடல் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரிவதில்லையே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: யோசிக்கத்தான் வேண்டும் தம்பி. நீங்கள் கேட்டதில் பாதி உண்மை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 1 மீட்டர்தான். அட்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் ஏறி இறங்கும், அதோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் மெரினா போலத் திறந்த கரையில் ஏறி இறங்குவது வேறு, கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் ஒரு பெரிய கழிமுகம் முழுக்க ஏறி, அப்புறம் அத்தனையும் ஒரு குறுகலான வாய் வழியாக வெளியே போவது வேறு. மெரினாவில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகம் முகத்துவாரத்தில் தெரியும். மோட்டாரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கரையைப் பாருங்கள், நீங்கள் சும்மா இருக்க, கரை நகர்ந்துகொண்டிருக்கும்.

ஏரியில் படகுதான் நகரும், தண்ணீர் நிற்கும். இங்கே படகுக்கு அடியில் இருக்கும் தண்ணீரே ஓடுகிறது. முப்பது வருடம் துறைமுக லாஞ்சில் சாரங்காக, அதாவது படகை நடத்துபவனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் கேட்பார்கள். திரும்பி வரும்போது அந்த வாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கிறவர் குறைவு. முதலில் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நேரம் அதிலிருந்து பின்னால் கணக்குப் போட்டால் வந்துவிடும்.

கணக்கு இதுதான். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும், வாயில் இழுப்பு கடுமையாக இருப்பதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். நேர அட்டவணையை இந்திய நில அளவைத் துறை வருடந்தோறும் வெளியிடுகிறது, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அட்டவணையில் இருப்பது சென்னைத் துறைமுகத்தின் நேரம். வெளியே கடல் இறங்க ஆரம்பித்த பிறகும் உள்ளே கழிமுகம் நிரம்பிக்கொண்டே இருக்கும், அதனால் வாயில் ஓட்டம் திரும்புவது அட்டவணை நேரத்துக்குப் பின்னால்தான். எவ்வளவு பின்னால் என்பது மணல் திட்டு அந்த மாதம் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. முகத்துவாரக்குப்பத்தில் போய் உட்கார்ந்து, வலை பின்னுகிற பெரியவர் யாரிடமாவது கேளுங்கள், அவருக்கு அன்றைய கணக்கு தெரியும்.

இப்போது ஆபத்து எங்கே என்று சொல்கிறேன். வற்றத்தில் தண்ணீர் கழிமுகத்திலிருந்து கடலை நோக்கிப் பாய்கிறது. எதிரே கடலிலிருந்து அலை வருகிறது. இரண்டும் ஆழம் குறைந்த மணல் திட்டின் மேல் மோதும்போது அலைகளுக்கு நடுவே இடைவெளி குறைந்து, அலை செங்குத்தாகி, உடைகிறது. அதுவரை பரவாயில்லை போலத் தெரிந்த கடல் அந்த ஐம்பது அறுபது அடி இடத்தில் மட்டும் வெள்ளையாகக் கொதிக்கும். கடலிலிருந்து பார்த்தால் இது தெரியாது என்பதுதான் கொடுமை, அலையின் முதுகுதானே உங்களுக்குத் தெரிகிறது. மத்தியானம் ஆனால் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். காலையில் கரையிலிருந்து வீசும் மெல்லிய காற்றில் சுகமாக வெளியே போய், ஒரு மணிக்குக் கடல்காற்றும் வற்றமும் எதிரெதிராக இருக்கும் வாய்க்குத் திரும்பி வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் உங்களுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நாள் இப்படி இருக்கும்: காலை பத்து, பதினொரு மணிக்கு உச்ச ஏற்றம். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏறுகிற தண்ணீரை எதிர்த்துப் போவீர்கள், பெட்ரோல் கொஞ்சம் கூடும், ஆனால் அலையும் ஓட்டமும் ஒரே திசையில் இருப்பதால் கடல் கலங்காது. ஒன்பதரை, பத்துக்குள் அதே ஏற்றத்தோடு உள்ளே வந்துவிடலாம், திட்டின் மேல் தண்ணீரும் கூடுதலாக இருக்கும். இடையில் மோட்டார் நின்றால்கூட வாய்ப் பக்கத்து ஓட்டம் உங்களை உள்ளே தள்ளும், கடலுக்குள் இழுக்காது. பிப்ரவரி நல்ல மாதம்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள், ஆற்று வெள்ளமும் சேர்ந்து வரும்போது ஏற்ற நேரத்தில்கூட வாயில் தண்ணீர் வெளியேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் நாள் முகத்துவாரத்தைத் தாண்டாதீர்கள். கழிமுகத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். ஓர் ஏற்றம், ஒரு வற்றம் முழுவதும் அங்கேயே இருந்து எந்த இடத்தில் சேறு தட்டுகிறது, எங்கே வலை கட்டியிருக்கிறார்கள், பாலத்துக்கு அடியில் ஓட்டம் எப்படிச் சுழிக்கிறது என்று பாருங்கள். வலை கட்டியிருக்கும் இடம் அந்தக் குப்பத்துக்காரர்களின் பிழைப்பு, சுற்றிக்கொண்டு போங்கள். மேலே மிதப்பது ஒரு துண்டு தெர்மகோலாக இருக்கும், கீழே முழு வலை இருக்கும், உங்கள் மோட்டார் விசிறியில் மாட்டினால் அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். இரண்டாவது தடவை, உள்ளூர் ஃபைபர் படகுக்காரர் ஒருவரை நாள் கூலி கொடுத்துக் கூட ஏற்றிக்கொண்டு வாயைத் தாண்டுங்கள். திட்டு புயலுக்குப் புயல் இடம் மாறுகிறது, போன வருட ஞாபகம் இந்த வருடம் உதவாது.

தாண்டும்போது: வெளியே போகையில் அணியம் (படகின் முன்பக்கம்) அலைக்கு நேராக, உச்சியில் ஏறும்போது வேகத்தைக் குறைத்து, இறங்கியதும் மறுபடி கொடுங்கள். உள்ளே வரும்போது ஒரு அலையின் முதுகில் உட்கார்ந்த மாதிரி அதே வேகத்தில் வர வேண்டும். அதைத் தாண்டி முன்னால் பாய்ந்தால் அணியம் பள்ளத்தில் குத்தி, அமரம் (பின்பக்கம்) தூக்கி, படகு குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்க்கும். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் சிறிது அமைதி கிடைக்கும். வெளியே நின்று பத்து நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தால் மனம் ஒப்பவில்லையா, வெளியிலேயே காத்திருங்கள், அல்லது நேராகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அங்கே போங்கள். அதற்குத்தான் பெட்ரோல் கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடவே கூடாது. உங்கள் மோட்டார் டூ ஸ்ட்ரோக் என்றால் முழு வேகத்தில் மணிக்கு ஆறு, ஏழு லிட்டர் குடிக்கும்.

கேள்வி: அதே வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். மைத்துனருக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், லைஃப் ஜாக்கெட் போட்டால் வெயிலில் புழுங்குகிறது, படகில் வைத்திருந்தால் போதாதா?

பதில்: போதாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், அளவுக்கு மீறி ஆட்கள், யாருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. கவிழ்ந்த படகுக்கு அடியில் இருக்கும் ஜாக்கெட்டை யார் எடுத்து மாட்டுவது? கரையிலேயே மாட்டி, வார்களை இழுத்துக் கட்டி, தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முகவாய் வரை வழுக்கி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. ஓட்டுகிறவர் மோட்டாரின் கில் ஸ்விட்ச் கயிற்றையும் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். ஆள் விழுந்தால் மோட்டார் நிற்கும், இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவர் மேலேயே ஏறும்.

நங்கூரம், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளக் கயிறு, இரண்டு துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, நீர் புகாத உறையில் போன். கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் குழுமம் 1093, இரண்டு எண்ணையும் இருவர் போனிலும் சேமித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னைத் துறைமுகத்துக்குள் சின்னப் படகில் போய்க் கப்பல்களைப் பார்க்க முடியுமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: அனுமதி இல்லாமல் முடியாது, பாதுகாப்புப் பகுதி. பாய்மரப் படகு கற்றுக்கொள்ள ஆசை என்றால் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேதான் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வெளியே கடலில் கப்பலைப் பார்த்தால் விலகியே இருங்கள். பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது, அதன் அணியத்துக்கு அருகே இருக்கும் சின்னப் படகு மேலே இருப்பவர் கண்ணுக்கே படாது. ஐந்து தடவை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சங்கு ஊதினால் உங்கள் போக்கு அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம், உடனே வழியை விட்டு விலகுங்கள். குறுகலான நீர்வழியில் போகும்போது வலது ஓரம். துறைமுகத்துக்குள் நுழையும் திசையில் சிவப்பு மிதவை உங்கள் இடது கையில் இருக்க வேண்டும், பச்சை வலது கையில்.

கேள்வி: படகை ஜெட்டியில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாமா? உப்புத் தண்ணீரால் மோட்டார் கெடுமா?
வாசகர், எண்ணூர்

பதில்: கட்டுகிற விதத்தில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் படகை வற்றத்தில் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் கட்டிவிட்டுப் போய்விட்டேன். தண்ணீர் ஏறியபோது படகின் விளிம்பு ஜெட்டியின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது, மேலே வர வழி இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறி, நாங்கள் வந்து பார்த்தபோது மோட்டாரோடு மூழ்கியிருந்தது. வெறும் ஒரு மீட்டர் ஏற்றம் செய்த வேலை அது. முன்னும் பின்னும் நீளக் கயிறாகக் கட்டுங்கள், சட்டம் இல்லாத பக்கமாகப் பாருங்கள், நடுவில் பழைய டயர் தொங்க விடுங்கள்.

மோட்டார் விஷயம்: ஓடும்போது பின்னால் சின்னக் குழாயில் தண்ணீர் பீச்சுகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். எண்ணூர் கழிமுகத்தில் சேறும் சாம்பலும் பாலிதீன் பையும் அதிகம், உறிஞ்சும் வாயை அடைத்துவிட்டால் சில நிமிடத்தில் மோட்டார் சூடேறிவிடும். பீச்சுவது நின்றால் உடனே அணைத்து, நங்கூரம் போட்டுவிட்டு, அப்புறம் சுத்தம் செய்யுங்கள். நங்கூரம் போடாமல் குனிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தால் ஓட்டம் உங்களை எங்கே கொண்டுபோகிறது என்பது நிமிரும்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட விட்டு உப்பைக் கழுவுங்கள், அன்றைக்கே.