நாலு மணிக்கு எழும்புவது யார்?

கேள்வி: எனக்கு 26 வயது. மலையகத்தில், நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடு, ஹட்டனில் ஒரு கடையில் வேலை. மூன்று வருடங்களாக வெற்றிக்கு வழிகாட்டும் நூல்களை வாங்கி வாசித்து, முக்கியமான வரிகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடிட்டு வருகிறேன். ஆனால் எதையும் பத்து நாளுக்கு மேல் கடைப்பிடிக்க முடியவில்லை. ஏ.ஏ.டி. கணக்கியல் பரீட்சைக்குப் படிப்பதற்காக நாலு மணிக்கு எழுப்பும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் தவறாமல் எழுப்பித் தேத்தண்ணி வைக்கிறார். நான்தான் மறுபடி தூங்கிவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா? அடுத்து எந்த நூலை வாசிக்கலாம்?

பதில்: எந்த நூலையும் வாசிக்க வேண்டாம், தம்பி. மன உறுதி பற்றிய கேள்வியும் இப்போதைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இதையே கேட்டு எனக்கு எழுதும் இளைஞர்கள் பலர், பதிலில் கிடைக்கும் ஆறுதலோடு நேரே புத்தகக் கடைக்குத்தான் போகிறார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அம்மா தவறாமல் எழுப்புகிறார். பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகும் பெண், ரொட்டி சுட்டு வீட்டு வேலையை முடிக்க ஐந்து மணிக்கு எழுந்தாலே போதும். உங்கள் இலட்சியத்துக்காக அவர் நாலு மணிக்கே குளிரில் எழுந்து, அடுப்பை மூட்டி, உங்களைத் தட்டி எழுப்பி, நீங்கள் போர்வையை இழுத்துக்கொள்வதையும் பார்த்துவிட்டு, பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார். தூக்கம் கெட்ட உடம்போடு பறித்துக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நூல்களில் ஒன்றைக்கூடப் புரட்டாத அவர் அவற்றின் கட்டளையை நாள்தோறும் நிறைவேற்றுகிறார், நீங்கள் கோடிடுகிறீர்கள். பெண் பிள்ளையாகப் பிறந்திருந்தால் இந்நேரம் அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பீர்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

கோடிடுவதில் ஒரு திருப்தி கிடைப்பது உண்மை. ஒரு நல்ல வரியை அடையாளம் கண்டதுமே பாதி வேலை முடிந்தது போல மனம் நிறைந்துவிடுகிறது, அந்த நிறைவு தேய்ந்ததும் அடுத்த நூல் தேவைப்படுகிறது. ஆனால் இவ்வகை நூல்களின் தொடக்கமே வேறு. 1859 இல் இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’, லீட்ஸ் நகரத்து உழைக்கும் இளைஞர்களிடையே அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. அந்த இளைஞர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. குளிர்கால இரவுகளில் தாங்களாகவே கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, ஆள் பெருகிய பிறகுதான் பேச வரும்படி அவரை அழைத்தார்கள். படிப்பு முன்னால் நடந்தது, நூல் பின்னால் வந்தது. நீங்களோ நூலை முன்னால் வைத்துவிட்டு, படிப்பு தானாக வரும் என்று மூன்று வருடம் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் நூல்கள், கதவைச் சாத்திக்கொள்ளத் தனியறை உள்ளவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்துத் தொடர்வீட்டின் ஒற்றை அறையில், ஒருவர் விளக்கைப் போட்டால் எல்லோருக்கும் விடிந்துவிடும். ஆகவே உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரத்தை நீங்களே முடிவு செய்ய வேண்டும். நாலு மணியை விடுங்கள். அம்மா எழும்பும் ஐந்து மணிக்கு, கைப்பேசி மணி அடித்ததும் நீங்கள் எழுந்து அடுப்பை மூட்டுங்கள். தேத்தண்ணி ஊற்றி முதல் கோப்பையை அம்மாவிடம் கொடுத்ததும், அடுப்படியிலேயே உட்கார்ந்து கணக்குக் கொப்பியைத் திறந்து ஒரே ஒரு கணக்கைச் செய்யுங்கள். இது வெறும் என் பிடிவாதம் அல்ல. எதை அடைவது என்று மட்டும் தீர்மானிப்பவரைவிட, எந்த வேலை முடிந்ததும் எங்கே எதைத் தொடங்குவது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்பவர் அதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999 இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

பத்தாம் நாள் சலிப்பு வரத்தான் செய்யும். புதுப் பழக்கம் படிவதற்குச் சராசரியாக 66 நாட்கள் பிடித்ததாக லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்து 2010 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது; ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிப்போகாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். தவறிய மறுநாள் புதிய நூல் தேடாமல், அதே அடுப்படியில் அதே கொப்பியைத் திறந்தால் சரி.

இந்தத் திட்டத்தை நண்பர்களிடம் அறிவிக்காதீர்கள். அம்மாவிடம் மட்டும், இனி என்னை எழுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் நாளைக்கும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். போய்ப் படுங்கள் என்று மறுபடி சொல்லுங்கள், அவர் நம்புவதற்குச் சில வாரங்கள் ஆகும்.