ஃபைபர் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் என்ன?

கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் கேபிள் தொங்குவது வேலைக்காரர்களின் சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்தத் தொய்வு கணக்குப் போட்டு விடுவது.

ஒரு மீட்டர் கேபிளின் எடையைக் கம்ப இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் 8 மடங்கால் வகுத்தால் தொய்வு வரும். கிலோமீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள கேபிள், இடைவெளி 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அரை மீட்டர் தொய்வு விட்டால் இழுவிசை சுமார் 62 கிலோ. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கால் மீட்டராக்கினால் 125 கிலோ! முழுக்க நேராக்க எந்த விசையாலும் முடியாது.

அப்புறம் மார்கழிக் குளிரில் கேபிள் சுருங்கும், காற்றும் தள்ளும். இழுவிசை இன்னும் ஏறும். உள்ளே இருப்பதோ கண்ணாடி இழை. அன்றைக்கே அறுந்தால்கூடப் பரவாயில்லை, இழுபட்டே கிடந்து சில வருஷம் கழித்து முறியும். அதுதான் தொல்லை.

அதற்காகத் தாராளமாகவும் விடக்கூடாது, சாலையைக் கடக்கும் இடத்தில் லாரி உரசும். இழுக்கும்போது கைக்கணக்கு வேண்டாம், இழுவிசையை அளந்து காட்டும் டைனமோமீட்டர் மாட்டுங்கள். தயாரிப்பாளர் தரும் தொய்வு அட்டவணையில் அன்றைய வெப்பநிலைக்கான அளவைப் பாருங்கள். முனையில் முடிச்சுப் போடாமல், கேபிளின் விட்டத்துக்கேற்ற கிளாம்பில் நிறுத்துங்கள்.