காட்டு நடையும் காணாத யானையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 61. ஆனைமலைப் பகுதியில் வழிகாட்டியுடன் மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்தேன். யானையோ புலியோ கண்ணில் படவில்லை. வழிகாட்டியோ வழியெங்கும் யானைச் சாணமான லத்தியையும் மரத்தில் இருந்த நகக்கீறலையும் காட்டிக்கொண்டே வந்தார். இதற்காகவா பணம் கட்டினோம் என்று தோன்றிவிட்டது.
– வாசகி, ஈரோடு

பதில்: தங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆயினும் அந்த வழிகாட்டி தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். அடர்ந்த மழைக்காட்டில் சில அடிகளுக்கு அப்பால் பார்வை செல்வதே அரிது. நம் வாடையை உணர்ந்து முன்னரே விலகிவிடும் விலங்கை, அது விட்டுச்சென்ற தடயத்தைக் கொண்டுதான் பெரும்பாலும் அறிய முடியும். யானைக்கு உண்டதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. ஆகையால் அதன் லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் நாரும் விதையும் அப்படியே கிடக்கும். அந்த யானை எதைத் தின்றது, எந்த மரத்தின் விதையைச் சுமந்து வந்து போட்டது என்பதெல்லாம் அதில் தெரியும்.

அடுத்த முறை, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையைக் கேட்டுப் பாருங்கள். ஆம், கேட்டுத்தான். அது தலைக்கு மேலே பறக்கும்போது எழும் சிறகொலி, பழைய நீராவி ரயில் மூச்சுவாங்குவது போலிருக்கும். ஆண்டின் முதல் மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தால் பூசி அடைத்துக்கொண்டு பல வாரங்கள் உள்ளேயே இருக்க, ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து சிறு இடுக்கு வழியே ஊட்டும். உண்ட பழங்களின் விதைகள் விழுந்து அம்மரத்தடியில் முளைத்து நிற்கும் கன்றுகளைப் பார்த்தே பொந்தில் குடியிருப்பு உண்டா என்று சொல்லிவிடும் காடர் பழங்குடியினர் ஆனைமலையில் இருக்கிறார்கள். மலைக்கு அப்பால், கேரளத்தின் வாழச்சால் காட்டில் இக்கூடுகளைக் காவல் காப்பவர்களும் காடர்களே. அவர்களுடன் நடக்க வாய்ப்புக் கிடைத்தால் கேள்விகளை நிறைய எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மூட்டுவலி உள்ள நான் மலைநடைக்குச் செல்லலாமா? அனுமதி கட்டாயமா? ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன வழி?
– வாசகர், மதுரை

பதில்: மருத்துவர் சம்மதித்தால், எளிய வகைப் பாதையைத் தேர்ந்தெடுத்துச் செல்லுங்கள். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளும் எளிது, மிதமானது, கடினம் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்ததை மறக்க இயலாது. அட்டைக்கு, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போதும். இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதானால் 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ.) நல்லது. காட்டின் மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக இருக்கும்.

கேள்வி: நீலகிரி உச்சிகளில் ஏன் வெறும் புல்? அங்கே மரம் நடக் கூடாதா?
– வாசகர், கரூர்

பதில்: அது ‘வெறும்’ புல் அன்று. ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், மலையின் மடிப்புகளில் சோலை எனப்படும் குட்டை மரக்காடும் திறந்த சரிவுகளில் புல்வெளியுமாகவே இயற்கை அமைந்திருக்கிறது. திறந்தவெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. மனிதன் மரத்தை வெட்டியதால் வந்த புல் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் சதுப்புப் படிவுகளை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. இதை அறியாமல், தரிசு என்று கருதி அதன்மேல் வாட்டில் என்னும் அயல்நாட்டு மரங்களை நட்டார்கள். இன்று அவற்றை அகற்றுவது பெரும்பாடாக இருக்கிறது. வெட்டினாலும், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகள் மீண்டும் முளைக்கின்றன. நம் மாநில விலங்கான வரையாடு இப்புல்லை நம்பியே வாழ்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எண்ணப்பட்டவை 1,031 மட்டுமே. மரம் நடும் ஆர்வத்தைத் தயவுசெய்து கரூரிலேயே காட்டுங்கள். அங்கே நிழல் தேவைப்படும் சாலைகள் ஏராளம்.