மாவிலைக் குவியல் மக்கவில்லை என்றால்

காரைக்குடி வீட்டின் பின்கட்டில் குவித்த மாவிலையும் தேங்காய் மட்டையும் நாலு மாதமாகியும் மக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குவியல் முழுக்கச் சருகு, பச்சை இல்லை. மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்காவது வேண்டும். சருகில் கரிமம்தான் அதிகம், தழைச்சத்து பச்சையில்தான் கிடைக்கும். உங்கள் குவியலில் அது போதாது.

மட்டையைத் தனியே எடுத்து, செடியடி மண்ணை மூடும் மூடாக்குக்குப் போட்டுவிடுங்கள், அது மக்க வருடக்கணக்காகும். மாவிலை தோல் மாதிரித் தடித்தது, நொறுக்கினால்தான் வழிக்கு வரும். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைத்தழை கலக்கலாம். அகத்தி, கிளைரிசிடியா, எருக்கு, காய்கறித் தோல் எல்லாம் நல்லது. நம் பக்கம் எங்கும் நிற்கும் சீமைக்கருவேலத் தழையும் ஆகும். நெற்று மட்டும் ஒன்றுகூட விழக்கூடாது, தோட்டமெல்லாம் முளைத்துவிடும்.

அப்புறம் ஈரம். நம்ம ஊர் வெயிலில் இதுதான் முக்கியம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். மர நிழலில் நீளம், அகலம், உயரம் மூன்றடிக்குக் குறையாமல் குவித்து, பழைய சாக்கால் மூடுங்கள். சரியாக அமைந்தால் சில நாளில் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். சூடு தணிந்ததும் கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகல் வாடை வந்தால் சருகு சேருங்கள்.