அப்பா தொடாமல் விட்ட ஆறு

கேள்வி: என் அப்பா ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1974-இல் பூலாம்பட்டியின் ஆற்றங்கரையைப் பென்சிலால் வரைந்தார். ஓட்டு வீடுகள், பரிசல்கள், எதிரே பாலமலை என்று எல்லாவற்றிலும் நிழல் தீட்டியவர், காவிரியை மட்டும் வெறும் தாளாக விட்டிருக்கிறார். “இது முடிக்காத படம், யாராவது ஓவியரிடம் கொடுத்து வண்ணம் தீட்டிவிடலாம்” என்கிறார் சேலத்தில் இருக்கும் அண்ணன். பிரேம் கடைக்காரர் லேமினேட் செய்யச் சொல்கிறார். தாளில் பழுப்புப் புள்ளிகள் வேறு வந்துவிட்டன. என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பென்சில் கோட்டை முதல் படியாக மட்டும் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1792-இல் தென்னிந்தியாவைச் சுற்றிய ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் போகிற இடமெல்லாம் பென்சிலால் வரைந்தெடுத்து, இங்கிலாந்து திரும்பிய பிறகு அவற்றை வண்ண அச்சுப் படங்களாக்கினார்கள். ஆனால் பின்னால் வண்ணம் பூசப்போகிறவர் பெரும்பாலும் வெளிக்கோட்டோடு நிறுத்திக்கொள்வார். வண்ணம் மூடிவிடப்போகும் நிழலுக்கு எதற்கு அவ்வளவு உழைப்பு? உங்கள் அப்பா கூரை ஓடுவரை உழைத்திருக்கிறார். பென்சிலில் வெள்ளை கிடையாது. வெயிலில் மினுங்கும் தண்ணீர் வேண்டுமானால் தாளைத் தொடாமல்தான் விட வேண்டும். கரையில் கருமை ஏற ஏற அந்த வெள்ளை தண்ணீராகிவிடும். படம் முடிந்துவிட்டது, அம்மா. எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று பூலாம்பட்டியில் கதவணை தேக்கிய நீர் பரந்து நிற்கிறது. எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் போகிறோம். அப்பா வரைந்தது கதவணைக்கு முந்தைய காவிரி. இப்போது வண்ணம் பூச வருகிறவர் தமக்குத் தெரிந்த காவிரியைத்தான் அதில் நிரப்புவார். அண்ணனின் ஆசைக்கு வழி இருக்கிறது: படத்தை ஸ்கேன் செய்து, நல்ல கெட்டித் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அதில் எந்த வண்ணத்தை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளட்டும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்க வழியில்லை. பென்சில் கருமை கார்பன். வெயில் பட்டாலும் வெளுக்காது. நோயெல்லாம் தாளுக்குத்தான். மலிவான மரக்கூழ்த் தாள் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். புள்ளிகள் பெரும்பாலும் ஈரத்தால் வருபவை. ரப்பரால் தேய்த்தால் புள்ளி அப்படியே இருக்கும், படம்தான் போகும். ‘ஹேர் ஸ்பிரே அடித்தால் பென்சில் கலையாது’ என்று யாராவது யோசனை சொல்வார்கள்; கேட்காதீர்கள், அது நாளடைவில் மஞ்சளாகும்.

பிரேம் கடையில் கறாராக இருங்கள். கண்ணாடி தாளில் படக் கூடாது. இடையில் அமிலமற்ற அட்டையால் மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். பின்புறமும் அதே அட்டைதான், ஹார்டுபோர்டு நேராகத் தாளில் படக் கூடாது. செல்லோடேப் எடுத்தால் கையைப் பிடியுங்கள்! மேல் விளிம்பில் இரண்டு மெல்லிய காகிதப் பட்டைகளை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். படத்தின் பின்னால் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். ஊர், ஆண்டு, அப்பா பெயர் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிப் பிரேமின் பின்புறம் ஒட்டுங்கள்.

உங்களுக்குப் பெரிய எதிரி ஏற்காட்டின் ஈரம்தான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில், மழை படும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் தேடி வந்துவிடும். உட்சுவராகப் பாருங்கள், சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சிறு தக்கைகளை ஒட்டினால் காற்று போய்வரும். மழை மாதங்களில் படத்தைச் சேலத்துக்கு இறக்கி அண்ணன் வீட்டில் மாட்டச் சொல்லுங்கள். தினமும் பார்த்தால் அவருக்கும் அந்த வெள்ளை பிடித்துப்போகலாம். சமையலறைக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.