மூணாறு குளிரில் பூனைக்குப் படுக்கை

தேனியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கீங்க, ஒரு கிழட்டுப் பூனையும் ஒரு குட்டியும் கூட வந்திருக்கு, ஹீட்டர் வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க தங்கச்சி. ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம், முதல்ல தரையைப் பாருங்க. இங்கே ஜனவரியில சில ராத்திரி பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்துல இறங்கும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லுல உறைபனியே படியும். பூனையோட உடம்புச் சூடு 38, 39 டிகிரி. சிமெண்ட் தரையில படுத்தா அந்தச் சூட்டைத் தரை இழுத்துக்கிட்டே இருக்கும். மேலே கம்பளி போர்த்தி என்ன பிரயோஜனம்?

மீன்கடையில மூடியோட தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, வாடை போறவரை வெயில்ல வைங்க. பூனை சுருண்டு படுத்துத் திரும்ப இடமிருந்தா போதும். உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்குறதே பூனையோட உடம்புதான், அதனால பெரிய பெட்டி ஆகாது. ஓரமா 6 அங்குல வாசல் வெட்டுங்க. கிழட்டுப் பூனை ஏறுறதுக்குத் தாழ்வா இருக்கட்டும். வெட்டின விளிம்பை டேப்பால ஒட்டிடுங்க, இல்லாட்டி குட்டி கடிச்சு முழுங்கிடும். பெட்டியை ரெண்டு செங்கல் மேல, வாசல்ல காற்று நேரா அடிக்காதபடி, காற்று வர்ற திசைக்கு மறுபக்கம் பார்க்க வைங்க. வீட்டுக்குள்ளேன்னா கம்பளி விரிக்கலாம். வராந்தாவுலன்னா காய்ஞ்ச வைக்கோல்தான். துணி ஈரத்தை உறிஞ்சி இன்னும் குளிரும். அந்துருண்டை போட்டு வச்ச கம்பளியை அப்படியே விரிக்காதீங்க, அது பூனைக்கு விஷம்.

குளிர் கூடின ராத்திரி, கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி ஒரு மூலையில வைங்க. விலகிப் படுக்கவும் இடம் வேணும். ஆறினதும் எடுத்துடுங்க, ஆறின பாட்டில் சூட்டைத் திருப்பி இழுக்கும். ஹீட்டர் வாங்கினா ஒரு மீட்டர் தள்ளி, ஆள் விழிச்சிருக்கும்போது மட்டும். மூடின அறையில கரியடுப்பு வேண்டவே வேண்டாம். அந்தப் புகைக்காற்று உங்க உயிருக்கும் ஆபத்து.

இங்கே வீட்டுக்கு வீடு யூகலிப்டஸ் தைலம் இருக்கும். பூனைக்குச் சளின்னு அதைத் தடவிடாதீங்க, நக்கினா உள்ளே போய் நஞ்சாகும். பாராசிட்டமால் பாதி மாத்திரைகூட உயிரை எடுத்துடும்.

குட்டியோட காதும் பாதமும் சில்லுன்னு ஆகி, துவண்டு கிடந்தா உடனே துணியில சுத்தி மெதுவாச் சூடேத்துங்க. உடம்பு சூடாகுற வரைக்கும் பால் புகட்டக் கூடாது. செரிக்காது, நுரையீரல்லயும் ஏறும். காத்திருக்காம மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

ராத்திரி ரெண்டையும் வெளியே விடாதீங்க, எஸ்டேட் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. காலையில ஜீப்பை எடுக்கும்முன்னே பானட்டைத் தட்டுங்க. இஞ்சின் சூட்டுக்கு ஏதாவது பூனை ஏறிப் படுத்திருக்கும்.