பத்தரை மணியும் ஏழு மணியும்: மதுபான உரிமம் பற்றிக் கடைக்காரர்களின் கேள்விகள்

சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உரிம விண்ணப்பம் எழுதித் தருவது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சட்டத்தை மீற நினைப்பவர்கள் அல்லர். "உரிமம் இருக்கிறதே, பிறகென்ன?" என்று நம்பி மாட்டிக்கொள்பவர்கள். சிங்கப்பூரில் மதுபான உரிமம் என்பது இன்னார், இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த விதமாக விற்கலாம் என்ற அனுமதி. அந்த நான்கில் ஒன்று மாறினாலும் கையில் இருக்கும் உரிமம் உதவாது. அண்மையில் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்: முதலில் கேட்டவரின் கேள்வி, அதன் கீழ் என் பதில்.

லிட்டில் இந்தியாவில் மினிமார்ட் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் மாலை ஏழு மணி வரை பீர் விற்கலாம் என்கிறார்கள். ஆனால் அன்று முழுதும் வெளியே குடிக்கத் தடை என்றும் சொல்கிறார்கள். குடிக்கக் கூடாத நாளில் விற்க மட்டும் எப்படி விடுகிறார்கள்? வாங்கியவர் கடை வாசலிலேயே குடித்தால் பழி யாருக்கு?

இரண்டும் உண்மைதான் ஐயா. விற்பனைக்கு ஒரு கடிகாரம், பொது இடத்தில் குடிப்பதற்கு இன்னொரு கடிகாரம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம்.

முதலில் தீவு முழுவதற்குமான விதி. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. அதே நேரத்தில் கடைகள் எடுத்துச் செல்வதற்காக மது விற்கவும் கூடாது. ஈசூன், ஜூரோங் போன்ற மற்ற வட்டாரக் கடைகளுக்கு இதோடு கதை முடிந்தது.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். இங்கே சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கும் பொது இடத் தடை திங்கட்கிழமை காலை 7 மணிக்குத்தான் முடிகிறது. பொது விடுமுறை என்றால், முந்தைய நாள் மாலை 7 மணியிலிருந்து விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணி வரை. கடை விற்பனைக்கு வேறு கணக்கு: சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அதற்கு முந்தைய நாள் ஆகியவற்றில் மாலை 7 மணியோடு நிறுத்திவிட வேண்டும். தீபாவளி புதன்கிழமை வருகிறது என்று வையுங்கள். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு உங்கள் பீர் அலமாரியைப் பூட்ட வேண்டும். புதனன்று காலை ஏழுக்குத் திறந்து மாலை ஏழுக்கு மறுபடி பூட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை சாதாரண வார நாள்தானே என்று பத்தரை வரை விற்றுவிடுகிற தவறுதான் அதிகம். நாள்காட்டியில் பொது விடுமுறைக்கு முந்தைய நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கல்லாப்பெட்டி அருகே மாட்டி வையுங்கள்.

ஆக, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நீங்கள் விற்றது சரி. அதை வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்தாலும் சரி. உங்கள் வாசலுக்கு வெளியே ஐந்தடிப் பாதையில் நின்று திறந்தால், குற்றம் அவருடையது. முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்பவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் தண்டனை ஒன்றரை மடங்கு.

பழி மதுவை வாங்கியவருக்குத்தான் என்பதால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு வருபவர்களில் பலர் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள். அந்த அபராதம் அவர்களில் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். பாட்டிலைக் கொடுக்கும்போதே, "தம்பி, இங்கே வெளியே திறக்காதே, பிடிப்பார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழிலும் வங்காளத்திலும் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். மது விற்று வருமானம் பார்க்கிறவர் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் இது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பக்கம் ஒன்று கவனம். கடையில் வாங்கி எடுத்துச் செல்வதற்கான உரிமம் மூன்றாம் வகை. அதை வைத்துக்கொண்டு கடைக்குள்ளோ வாசலிலோ முக்காலி போட்டு, பிளாஸ்டிக் குவளை கொடுத்துக் குடிக்க வசதி செய்தால், உரிமத்தில் இல்லாத வியாபாரத்தை நீங்கள் செய்கிறீர்கள். அப்போது பழி உங்களுடையதும் ஆகிவிடும்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது தேக்காவில், அதாவது நம் லிட்டில் இந்தியாவில், எல்லாருக்கும் தெரியும். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்தை விசாரித்த குழுவுக்கு முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமை வகித்தார். கலவரத்துக்குக் குடிபோதையும் ஒரு காரணம் என்று அந்தக் குழு சொன்னது. அதன் பின்னணியில் வந்த சட்டம் இது. நம் தெருவின் மேல் கூடுதல் கண் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துத்தான் இங்கே கடை நடத்த வேண்டும்.

சைவ, அசைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இரவு உணவோடு பீர் மட்டும் கொடுக்க ஆசை. என்ன உரிமம்? உணவுக்கடை உரிமம் இருந்தால் போதாதா?

போதாது. உணவுக்கடை உரிமத்தைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு தருகிறது. மதுபான உரிமம் காவல்துறையின் உரிமப் பிரிவிலிருந்து வர வேண்டும். கோபிசினஸ் இணையவாசல் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கடையில் உட்கார்ந்து அருந்துவதற்கு முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு உண்டு. முதல் வகையில் எல்லா மதுவும் கொடுக்கலாம். இரண்டாம் வகை பீருக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் 'ஏ' என்றால் நள்ளிரவு வரை, 'பி' என்றால் இரவு பத்து வரை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாம் வகை போதும். ஒன்பதரைக்குச் சமையலறையை மூடும் கடைக்கு '2பி'யே தாராளம். ஒரு நாள் ஒயினும் கேட்பார்களே என்று ஆசைப்பட்டு முதல் வகைக்குப் போக வேண்டாம். தேவை வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன், கடை இருக்கும் இடத்துக்கு உணவகப் பயன்பாட்டு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடையானால் வீவகவிடம், தனியார் கடைவீடானால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம். வாடகை ஒப்பந்தத்தில் மது விற்கக் கூடாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதையும் படித்துவிடுங்கள். வெளியே மேசை போடுவதாக இருந்தால், அந்த இடமும் உரிமத்துக்குள் அடங்க வேண்டும். உள்ளே வாங்கிய பீரை உரிமத்தில் இல்லாத நடைபாதை மேசைக்குக் கொண்டுபோனால், பத்தரைக்குப் பிறகு அந்த வாடிக்கையாளர் பொது இடத்தில் குடிப்பவர் ஆகிவிடுவார்.

உரிமம் வரும் முன்பே 'தெரிந்தவர்களுக்கு மட்டும்' என்று கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். உரிமமின்றி மது விற்றால் 20,000 வெள்ளி வரை அபராதம். அந்தக் குற்றப்பதிவு பின்னால் உரிமம் கேட்கும்போதும் குறுக்கே வந்து நிற்கும்.

நண்பரிடமிருந்து ஓர் உணவகத்தை அப்படியே வாங்குகிறேன். அவருடைய மதுபான உரிமம் இன்னும் காலாவதி ஆகவில்லை. அதிலேயே ஓட்டலாமா?

கூடாது. உரிமம் கடையோடு சேர்த்து விற்கும் நாற்காலி, மேசை அல்ல. அது அவர் பெயருக்கு, அவர் தகுதியைப் பார்த்துக் கொடுத்தது. நீங்கள் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பித்து, கிடைத்த பிறகே விற்க வேண்டும். கைமாற்றும் தேதியை அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள். ஒப்பந்தத்தில் 'உரிமம் கிடைத்தால் மட்டுமே' என்ற நிபந்தனையையும் சேருங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் முன்பணம் கட்டிவிட்டு, மது விற்க முடியாமல் மாதவாடகை கட்டிக்கொண்டு இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் கல்லாவில் நிற்கிறேன். வயது கேட்டால் சிலர் கோபப்படுகிறார்கள். அடையாள அட்டையைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறார் முதலாளி. செய்யலாமா?

கேட்பது உங்கள் கடமை அம்மா. 18 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. விற்றால் 10,000 வெள்ளி வரை அபராதம். சீருடை இல்லை, மீசை இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அடையாள அட்டை, கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை என்று படத்தோடு பிறந்த தேதி காட்டும் எதையாவது கேளுங்கள். சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையையும் பார்க்கலாம். ஆனால் யாரோ அனுப்பிய திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அது என்றால் ஏற்காதீர்கள், அவரையே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் விற்க மறுப்பதே சரி.

படம் எடுப்பது வேறு விஷயம். பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். 2019 செப்டம்பர் 1 முதல் அடையாள அட்டை எண்களையும் நகல்களையும் காரணமின்றிச் சேர்த்து வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. வயது சரிபார்க்கப் பார்வையே போதுமானது. இதை முதலாளியிடம் பணிவாகவே, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்காகத்தான் சொல்கிறீர்கள்.

ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் விமான நிலையத்தில் தீர்வையில்லா விஸ்கி வாங்கி வருகிறார்கள். உரிமம் உள்ள என் கடையில் வைத்து விற்றால் என்ன?

வேண்டவே வேண்டாம். அந்தச் சலுகை பயணி சொந்தமாக அருந்துவதற்கு. 18 வயது நிறைந்தவர், 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு, மலேசியா அல்லாத இடத்திலிருந்து வந்தால், மொத்தம் இரண்டு லிட்டர் வரை கிடைக்கும். அதிலும் விஸ்கி போன்ற கடும் மது ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. அந்த பாட்டில் கடை அலமாரிக்கு வந்த கணமே அது தீர்வை ஏய்ப்பு. மதுபான உரிமம் சுங்கத்துறையிடமிருந்து உங்களைக் காப்பாற்றாது.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால்தான் சுங்கத்துறை ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது புரியும். விஸ்கிக்கும் ஒயினுக்கும் தீர்வை, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லி பாட்டில், 40 விழுக்காடு என்றால் அதில் இருக்கும் ஆல்கஹால் 0.28 லிட்டர். தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆகவே யாராவது அந்தத் தீர்வைத் தொகையைவிடச் சற்றே கூடுதலான விலையில் பெட்டி பெட்டியாக விஸ்கி தருகிறேன் என்று கடைக்கு வந்தால், அந்தச் சரக்கு எப்படி உள்ளே வந்தது என்று யோசியுங்கள். விலைப்பட்டியல் தராதவரிடம் ஒரு பாட்டிலும் வாங்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவேன். தேவாலய நண்பர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக் கேட்கிறார்கள்.

போடலாம், விற்க முடியாது. வீட்டில் நொதிக்க வைத்துத் தயாரிக்கும் மது ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். காய்ச்சி வடிப்பதற்கு எந்த அளவிலும் அனுமதி இல்லை. காசு வாங்கினால், 'சாமான் செலவுக்கு மட்டும்' என்றாலும், அது விற்பனைதான்.

மகளின் 21வது பிறந்தநாளை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கொண்டாடுகிறோம். விருந்தினர்களுக்கு பீர் உண்டு. உரிமம் வேண்டுமா?

நீங்கள் விற்கவில்லை. எனவே விற்பனை உரிமம் வேண்டாம். ஆனால் கீழ்த்தளம் பொது இடம். நகர மன்றத்தின் அனுமதி இருந்தாலும் இரவு 10.30க்குப் பிறகு அங்கே மது அருந்தக் கூடாது. அதைத் தாண்டியும் நீடிக்க நினைத்தால், காவல்துறையிடம் மது அருந்துவதற்கான தனி அனுமதியை முன்கூட்டியே கேட்க வேண்டும். என் யோசனை: பத்து மணிக்குக் குவளைகளைச் சேகரித்துவிட்டு, இனிப்பும் காப்பியும் கொடுங்கள். மேல்மாடிக் குடும்பங்களும் நிம்மதியாகத் தூங்கும்.

இதே நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு விற்று, அதற்குள் பானமும் அடக்கம் என்றால் கதை மாறிவிடும். அது விற்பனை. தற்காலிக உரிமம் வேண்டும். அதாவது ஐந்தாம் வகை. கலை நிகழ்ச்சி நடத்தும் நம் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வார இறுதியில் உணவகத்தில் நேரடி இசை வைக்க விருப்பம். மதுபான உரிமத்திலேயே அது அடங்குமா?

அடங்காது. பொதுக் கேளிக்கை உரிமம் தனி.

பங்குதாரர் ஹலால் சான்றிதழ் வேண்டும் என்கிறார். நான் பீர் வேண்டும் என்கிறேன்.

ஒரே கடையில் இரண்டும் நடக்காது. மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் உள்ள இடத்தில் மதுவுக்கு இடமில்லை. எந்த வாடிக்கையாளருக்காகக் கடை திறக்கிறீர்கள் என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே.

'ஆல்கஹால் இல்லாத' பீரை இரவு பதினொரு மணிக்கு விற்கலாமா?

பாட்டிலின் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், சட்டப்படி அது மதுபானம். பெயரில் என்ன எழுதியிருந்தாலும் பத்தரை விதி பொருந்தும். 0.0 என்றால் விற்கலாம். ஆனால் அதை பீர் அலமாரியில் வைத்தால், அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டிவரும். வேறு குளிர்பெட்டியில் வையுங்கள்.

இரவு 10.29க்கு வரிசையில் நான்கு பேர். நான்கு பேர் கையிலும் பீர். நான்காவது ஆள் காசு கொடுக்கும்போது 10.32. என்ன செய்வது?

விற்கக் கூடாது. அவர் எப்போது வரிசையில் நின்றார் என்பது உதவாது. நேரம் கடந்து விற்ற கடைக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். உரிமத்தை இடைநிறுத்தவும் முடியும், ரத்து செய்யவும் முடியும். கைக்கடிகாரத்தை நம்பாமல், கல்லா இயந்திரத்தின் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒத்துப் பாருங்கள், ஏனெனில் ரசீதில் பதிவாவது அந்த நேரம்தான். 10.15க்கு ஒரு முறை குரல் கொடுங்கள். 10.20க்கு அலமாரியைப் பூட்டுங்கள். சாவி கல்லாவில் நிற்பவரிடம் வேண்டாம், வேறொருவரிடம் இருக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று வந்து "அண்ணே, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சும்போது, கல்லாவில் நிற்கும் அந்தச் சின்னப் பையன் "சாவி என்கிட்ட இல்லண்ணே" என்று உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான்.